பன்றியின் கொழுப்பும் இறைச்சித் தரமும்: ஆண் பன்றி தெரிவுசெய்வோருக்கான வழிகாட்டி

ஆண் பன்றி வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது உடலின் நீளத்தையும் பின்தொடையின் திரட்சியையும்தான். நானும் அப்படிப் பார்த்தே சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிமாவட்டத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தேன். அதன் குட்டிகள் தகப்பனைப் போலவே தொடை பெருத்து, முதுகில் கொழுப்புக் குறைந்து, பார்ப்பவர் கண்பட வளர்ந்தன. முதல் பன்றியை அறுத்து இறைச்சி கொடுத்த மறுநாட் காலையில் நகரத்துக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, தட்டில் தேங்கி நின்ற இளஞ்சிவப்பு நீரைக் காட்டி, "அண்ணை, நீங்கள் தந்தது இறைச்சியோ பஞ்சோ?" என்று கேட்டார். துண்டின் நிறம் வெளிறியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நடந்ததைக் கேட்ட கால்நடை வைத்தியர் தீனியைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. வாகனத்தில் ஏற்றும்போது விறைத்து விழுந்து செத்த பன்றி ஏதும் உண்டா என்று மட்டும் கேட்டார். அந்த ஆண் பன்றியின் குட்டிகளில் இரண்டு அப்படிச் செத்திருந்தன.

மூன்று நான்கு தாய்ப்பன்றிகளை வைத்துக்கொண்டு, நத்தார் காலத்திலும் திருகோணமலைக் கடற்கரையின் உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் நிரம்பும் மாதங்களிலும் இறைச்சி விற்கும் ஒருவர், ஆய்வுகூடமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல், கொழுப்பின் அளவையும் இறைச்சியின் தரத்தையும் பரம்பரை வழியாக எவ்வாறு சீர்செய்யலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

இரண்டு கொழுப்பு, இரண்டு கணக்கு

கொழுப்பு என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், பன்றியில் நமக்கு வேண்டாத கொழுப்பும் வேண்டிய கொழுப்பும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. தோலுக்குக் கீழே முதுகு நெடுகப் படியும் முதுகுக் கொழுப்பைப் பெரும்பாலானோர் வெட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். அதை வளர்க்கச் செலவான தீனி நமக்கு நட்டம். தசை இழைகளுக்கு நடுவே வெள்ளை நூல்போல ஓடும் தசையிடைக் கொழுப்போ, கறி வேகும்போது இறைச்சி வறண்டு நாராகிப் போகாமல் காக்கிறது. பன்றி இறைச்சி சுவையாக இருப்பதற்குத் தசையில் 2 முதல் 3 சதவீதம் வரை இக்கொழுப்பு இருப்பது நல்லது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கொழுப்பற்ற இறைச்சிக்காக மட்டும் பல தலைமுறைகளாகத் தெரிவுசெய்யப்பட்ட வெள்ளைப் பன்றி வழிகளில் அது 1 சதவீதத்தை அண்டி இறங்கிவிடுவதுண்டு.

இவ்விரண்டும் எந்த அளவுக்குப் பெற்றோரிடமிருந்து வருகின்றன என்பதை அறிந்த பின்னரே தெரிவைத் தொடங்க வேண்டும். ஒரே கொட்டிலில் ஒரே தீனியைத் தின்னும் பன்றிகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில், குட்டிகளுக்குக் கடத்தப்படக்கூடிய பகுதி எவ்வளவோ அதனை மரபுவழிப் பங்கு என்கிறோம். முதுகுக் கொழுப்பின் தடிப்பில் இது ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம். தசையிடைக் கொழுப்பில் ஏறத்தாழ 50 சதவீதம். அறுத்து 24 மணித்தியாலங்களின் பின்னர் இறைச்சியில் நிற்கும் அமிலத்தன்மையிலும் நீர் வடிதலிலும் ஏறத்தாழ 20 சதவீதமோ அதற்குக் குறைவோதான். ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையில் அது 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. நம்மில் பலர் குட்டி எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தாயைத் தெரிந்து, கொழுப்பைத் தீனியால் திருத்தலாம் என்று நம்பிக்கொண்டிருப்பது தலைகீழான வேலை என்பது இவ்வெண்களைப் பார்த்தாலே விளங்கும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கொட்டிலில் முதுகுக் கொழுப்பின் சராசரி 25 மில்லிமீற்றர் என்றும், அதே கொட்டிலில் பிறந்து 19 மில்லிமீற்றர் மட்டுமே உள்ள ஓர் ஆண் பன்றியை நீங்கள் தெரிவுசெய்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். தாய்ப்பன்றிகளில் எந்தத் தெரிவும் செய்யாவிடின் பெற்றோர் இருவரின் சராசரி அனுகூலம் 6 அன்று, அதன் பாதியான 3 மில்லிமீற்றர். அதில் 45 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர், அடுத்த தலைமுறையில் குறையும். பார்ப்பதற்குச் சிறியதாயினும் தலைமுறைக்குத் தலைமுறை சேருகின்ற இலாபம் இது. இதே முறையில், சராசரியைவிட இரண்டு குட்டி கூடுதலாக ஈனும் தாய்களைத் தெரிந்தால் அடுத்த தலைமுறையில் ஈற்றுக்குக் கிடைப்பது ஒரு குட்டியின் பத்திலொரு பங்குதான்.

முதுகுக் கொழுப்புக்கும் தசையிடைக் கொழுப்புக்கும் இடையே பரம்பரைத் தொடர்பு உண்டு. ஆனால் அது பலமானதன்று. முதுகுக் கொழுப்பை மட்டும் குறிவைத்து ஓடினால் தசையிடைக் கொழுப்பும் மெல்ல மெல்லக் கூடவே குறையும். இரண்டையும் சேர்த்துக் குறித்துவைத்தால், முதுகில் மெலிந்தும் தசையில் நூலோடியும் இருக்கும் குடும்பங்களைப் பிரித்தெடுக்க இடமிருக்கிறது.

பெயர் சொல்லத்தக்க பரம்பரையலகுகள்

கொழுப்பைத் தீர்மானிப்பவை எண்ணற்ற பரம்பரையலகுகள் (ஜீன்கள்). ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. ஒவ்வொன்றும் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என இரண்டு பிரதிகளாகப் பன்றியில் இருக்கும். ஆயினும் சில, தனியாகவே பெரிய மாற்றத்தைச் செய்வதால் வாங்குபவர் அவற்றைத் தெரிந்திருக்க வேண்டும்.

என் கொட்டிலில் வினை விளைத்தது என்று கால்நடை வைத்தியர் கருதியது ஆர்.வை.ஆர்.1 என்னும் பரம்பரையலகு. வளர்ப்போரிடையே அது ஹாலோதேன் ஜீன் என்ற பெயரில் வழங்குகிறது. ஹாலோதேன் மயக்கவாயுவைச் சிறிது நேரம் சுவாசிக்கவிட்டு, கால்கள் விறைக்கின்றனவா என்று பார்த்தே முன்னர் இதனைக் கண்டுபிடித்தார்கள். தசைக்கலத்துக்குள் கல்சியத்தைத் திறந்துவிடும் வாயிலின் அமைப்பை இப்பரம்பரையலகு நிர்ணயிக்கிறது. அதன் மரபுக்குறியீட்டில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதே காரணம் என்பது 1991 இல் வெளியாயிற்று. பிழையான பிரதியை உடைய பன்றி வெயிலிலோ ஏற்றியிறக்கும் பதற்றத்திலோ அகப்பட்டால், அவ்வாயில் மூடாமல் கல்சியம் கொட்டுகிறது. தசை விறைத்து உடல் கொதிக்கிறது. பன்றி அங்கேயே சாகலாம். சாகாமல் அறுக்கப்பட்டால், தசையில் சேமிக்கப்பட்டிருக்கும் மாச்சத்தான கிளைக்கோஜன் மளமளவென்று இலற்றிக் அமிலமாக மாறி, 45 நிமிடத்துக்குள்ளேயே பிஎச் பெறுமானம் (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 6 க்குக் கீழே இறங்கிவிடுகிறது. உடலின் சூடு இன்னும் ஆறாத நிலையில் இவ்வளவு அமிலம் சேர்வதால் தசைப் புரதம் பாதி வெந்ததுபோலாகி, நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழக்கிறது. கடைக்காரரின் தட்டில் நின்றது அந்த நீர்தான்.

இந்தக் குறை பின்னிடைவானது: இரண்டு பிரதியும் பிழையாக இருந்தால்தான் பன்றி விறைத்துச் சாகும். ஆனால் ஒரு பிரதி மட்டும் பிழையான பன்றியும், உயிருக்கு ஆபத்தின்றி நடமாடினாலும், இறைச்சியில் ஓரளவு கூடுதலாக நீர் வடிக்கும். ஒரு பிரதி பிழையான ஆணும் அதேபோன்ற பெண்ணும் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிக்கு ஒன்று இரு பிரதியும் பிழையாகவும், இரண்டு ஒரு பிரதி பிழையாகவும், ஒன்று முற்றிலும் நல்லதாகவும் பிறக்கும். இப்பிழை இத்தனை காலம் ஒழியாமல் இருந்ததற்குக் காரணம், அதைச் சுமக்கும் பன்றியின் தொடை திரண்டு முதுகுக் கொழுப்பும் குறைவாக இருப்பதே. நம் கண் அதை விரும்பித் தெரிந்துகொள்கிறது. பெல்ஜியத்தின் பியெத்ரேன் இனத்தில் இது பரவலாகக் காணப்பட்டது. அவ்வினத்தின் கலப்புள்ள ஆண் பன்றியை, சோதனைச் சான்று இல்லாமல் வாங்க வேண்டாம். வேரோடு பிடுங்கிய சில மயிர்கள் அச்சோதனைக்குப் போதும்.

இரண்டாவது, ஹாம்ப்ஷயர் இனத்தோடு தொடர்புடைய பி.ஆர்.கே.ஏ.ஜி.3. இதன் மாற்றம் 2000 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. தசையில் கிளைக்கோஜனை ஏறத்தாழ 70 சதவீதம் அதிகமாகச் சேர்த்துவைப்பதால், அறுத்த பின்னர் அமிலம் வழமையான வேகத்திலேயே சேர்ந்தாலும், பிஎச் வழமையான இடத்தில் நிற்காமல் மேலும் இறங்குகிறது. உப்பிட்டுப் பதப்படுத்தும்போது எடை குறைகிறது. இது ஆட்சியுடையது; ஒரு பிரதியே போதும்.

மூன்றாவதான ஐ.ஜி.எஃப்.2 எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. தசையைக் கூட்டி முதுகுக் கொழுப்பைக் குறைக்கும் ஒரு மாற்றம் இதில் இருப்பது 2003 இல் கண்டறியப்பட்டது. ஆனால் குட்டியின் தசையில் தகப்பன் வழி வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும். தாய் வழி வந்த பிரதி வாய் திறவாது. ஆகவே இரு பிரதியிலும் மெலிவைத் தரும் மாற்றத்தைக் கொண்ட ஆண் பன்றியைப் பயன்படுத்தினால், தாய் எப்படிப்பட்டதாயினும் இறைச்சிக்குப் போகும் குட்டிகள் அனைத்தும் மெலிவின் பயனைப் பெறும். தாய்ப்பன்றியோ ஓரளவு கொழுப்போடு இருக்கலாம். அந்தக் கொழுப்புப் பால்கொடுக்கும் வாரங்களில் அதற்கு உதவும். தாய்க்கு ஓர் அளவுகோல், தகப்பனுக்கு வேறோர் அளவுகோல் என்று வைத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டியதில்லை.

எம்.சி.4.ஆர் என்பது பசியைக் கட்டுப்படுத்துவது. அதன் ஒரு வடிவம் பன்றியை அதிகம் தின்னவைத்து, வேகமாக வளர்த்து, கூடவே கொழுக்கவும் வைக்கிறது.

நிறத்தை நம்பாமல் இனத்தைத் தெரிதல்

நம் பக்கத்தில் பன்றிகளை வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் குறிப்பிடுவது வழக்கம். இது ஏமாற்றும். லார்ஜ் வைற், லாண்ட்ரேஸ் ஆகியவற்றின் வெள்ளை நிறம் ஆட்சியுடையதாதலால், செந்நிற டியூரொக் இனத்தோடு அவை கலந்து பிறக்கும் குட்டிகளும் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். வெள்ளைத் தோலுக்குள் பாதி டியூரொக் இருக்கலாம். காது சற்றே உதவும்: லார்ஜ் வைற் காதை நிமிர்த்தி வைத்திருக்கும், லாண்ட்ரேஸின் காது முன்னோக்கிச் சரிந்து கண்ணை மறைக்கும். கலப்பில் இதுவும் குழம்பிவிடுவதால் விற்பவரின் பதிவேட்டைக் கேட்பதே சரி.

தசையிடைக் கொழுப்பில் மேற்கத்தைய இனங்களுள் பெயர்பெற்றது டியூரொக். லாண்ட்ரேஸும் லார்ஜ் வைற்றும் நல்ல தாய்கள். நிறையக் குட்டி ஈன்று பாலூட்டும். ஆதலால் அவ்விரண்டின் கலப்பான பெண் பன்றிகளைத் தாய்களாக வைத்து, டியூரொக் ஆணைத் தகப்பனாக்குவதையே சிறு வளர்ப்பாளருக்கு நான் பரிந்துரைப்பேன். குட்டிகளுக்குக் கலப்பின வீரியமும் கிடைக்கும். கறியில் நூலோடும் கொழுப்பும் கிடைக்கும். நாட்டுப்பன்றியின் இரத்தம் கலந்த தாய்கள் நம் வெயிலையும் எளிய தீனியையும் தாங்குவன. அவற்றை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் முதுகுக் கொழுப்பு அதிகமெனில் அதைத் தகப்பன் வழியாகக் குறைக்கலாம். குட்டியையும் சற்று முன்னதாகவே விற்கலாம்.

கத்தியோடு ஒரு கொப்பி

உயிருள்ள பன்றியின் தசைக்குள் நம்மால் பார்க்க முடியாது. ஆனால் அறுக்கப்படும் ஒவ்வொரு பன்றியும் அதன் தகப்பனையும் தாயையும் பற்றிய சாட்சியாகும். எனவே குட்டி பிறந்த அன்றே காதில் அடையாளமிட்டு, தாய், தகப்பன், பிறந்த திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். இறைச்சிக்குப் போகும் நாளில் எடையையும், ஆணா பெண்ணா என்ற பாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நலமடித்த ஆண் பன்றி பெண் பன்றியைவிடக் கொழுக்கும். 110 கிலோப் பன்றி 80 கிலோப் பன்றியைவிடக் கொழுத்திருக்கும். பாலும் எடையும் ஒத்தவற்றையே ஒப்பிட வேண்டும். இல்லாவிடில் தீனியையும் வயதையும் பரம்பரை என்று தவறாக எழுதிவிடுவோம்.

கொல்களத்தில் மூன்று அளவீடுகள் போதும். முதலாவது, கடைசி விலாவெலும்புக்கு நேரே, முதுகின் நடுக்கோட்டிலிருந்து 6.5 சென்ரிமீற்றர் தள்ளி, தோலோடு சேர்த்துக் கொழுப்பின் தடிப்பைப் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளப்பது. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே முறை. இரண்டாவது, அதே இடத்தில் முதுகுத் தசையைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பத்து நிமிடம் காற்றுப்பட வைத்து, அதன் பின்னர் நிறத்தையும் வெள்ளை நூல்களையும் பார்ப்பது. வெட்டிய கையோடு பார்த்தால் நிறம் உண்மையைவிட இருண்டு தெரியும். நூல் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றே சொற்களில் எழுதினாலும், பத்துப் பன்றிக்குப் பின் எந்தத் தகப்பனின் பெயருக்கு எதிரே "நிறைய" திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எப்போதும் நிழலில் எடுங்கள்.

மூன்றாவதுதான் என்னைக் காப்பாற்றியது. முதுகுத் தசையிலிருந்து இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பில், ஏறக்குறைய 100 கிராம் எடையுள்ள ஒரு துண்டை, கொழுப்பை நீக்கி வெட்டுங்கள். சமையலறை டிஜிற்றல் தராசில் நிறுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, துண்டில் நூல் கோத்து, காற்று நிரப்பிய பொலித்தீன் பைக்குள் பையின் சுவரில் முட்டாதபடி தொங்கவிட்டு வாயைக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் 48 மணித்தியாலம் வையுங்கள். பின்னர் எடுத்து, மேலே நிற்கும் ஈரத்தை மெதுவாக ஒற்றிவிட்டு மீண்டும் நிறுங்கள். 100 கிராம் 97 ஆக வந்தால் 3 சதவீத இழப்பு; அது வழமையானது. 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பன்றியில் ஏதோ பிழை நடந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் கண்டால் பதறாதீர்கள். ஒரே தகப்பனின் குட்டிகளில், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு தாய்களிடம் அது திரும்ப வந்தால் அந்தத் தகப்பனை மாற்றுங்கள்.

பரம்பரையின்மேல் பழி போடுவதற்கு முன்

நீர் வடிதலின் மரபுவழிப் பங்கு குறைவு என்று மேலே சொன்னேன். மீதி, கையாளுகையிலும் காலநிலையிலும் இருக்கிறது. விடுதிகளில் கேள்வி கூடும் மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்கள்தான் திருகோணமலையில் கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களும். நண்பகலில் லான்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றி, அடித்து இறக்கி, மூச்சு அடங்குமுன் அறுத்தால், மிக நல்ல பரம்பரையுள்ள பன்றியும் வெளிறிய இறைச்சியைத்தான் தரும். முதல்நாள் இரவோடு தீனியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் கொடுத்து, விடியுமுன் ஏற்றி, இறக்கியபின் உடலில் தண்ணீர் தெளித்து, இரண்டு மணித்தியாலமாவது ஆறவிட வேண்டும். மறுபுறம், நாள் முழுவதும் அலைக்கழித்துப் பட்டினி போட்டால் தசையில் கிளைக்கோஜன் தீர்ந்துபோய் அமிலமே போதியளவு உண்டாகாது. 24 மணித்தியாலத்தின் பின்னர் 5.5 இலிருந்து 5.7 வரை இருக்க வேண்டிய பிஎச் 6 க்கு மேலேயே நின்றுவிடும். அத்தகைய இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் பழுதாகும்.

தீனி, கொழுப்பின் அளவை மட்டுமன்றி அதன் தன்மையையும் மாற்றுகிறது. பன்றி தின்ற எண்ணெயின் தன்மை பெருமளவுக்கு அப்படியே அதன் கொழுப்பில் படியும். தம்பலகாமத்து ஆலைகளின் அரிசித் தவிட்டை அளவின்றிக் கொடுத்தால் கொழுப்பு இளகிக் கையில் வழியும். தேங்காய்ப் புண்ணாக்கு அதை இறுகச்செய்யும். கரைவலை மீன்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று கடைசி வாரங்கள் வரை கொடுப்பவர் இறைச்சியில் மீன்மணம் வருகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பரம்பரையைக் குறைசொல்ல முடியாது. நலமடிக்காத ஆணின் கொழுப்பைச் சட்டியில் இட்டதும் எழும் மூத்திரநெடி வேறு விடயம். அதற்குக் காரணமான அன்ட்ரொஸ்ரெனோன் என்னும் பொருள் ஆணின் விதையில் சுரப்பது. அதன் அளவு குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். சிலரின் மூக்குக்கு அந்நெடி தெரியவே தெரியாதாதலால், பொரித்துப் பார்க்கும்போது இருவரையாவது முகரச் சொல்லுங்கள்.

புதிய ஆண் பன்றியைக் கொண்டுவருதல்

2024 இல் இலங்கையிலும் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதற்குத் தடுப்பூசி போட்டுச் சமாளிக்கலாம் என்று எண்ணி எவரும் இருக்க முடியாது. ஆகவே எவ்வளவு நல்ல பரம்பரையாயினும், வாங்குமுன் உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் அவ்விடத்து நிலைமையை விசாரியுங்கள். கொண்டுவந்தபின் தனிக் கொட்டிலில், தனி வாளியோடும் தனிச் செருப்போடும் ஒரு மாதம் வையுங்கள். விடுதிக் கழிவுச் சோற்றைக் கொடுப்பதாயின் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். கொட்டிலை அயலவரின் வீடுகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் எட்ட வைப்பதும், கழிவுநீரை ஒழுங்கைக்கு விடாமலிருப்பதும் நம் ஊரில் சட்டத்துக்காக மட்டும் செய்கிற வேலையன்று.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில உள்ளன. அந்த ஆணின் உடன்பிறப்புகளை அறுத்தபோது முதுகுக் கொழுப்பு எவ்வளவு இருந்தது? ஏற்றியிறக்கும்போது செத்தவை உண்டா? ஹாலோதேன் சோதனை செய்யப்பட்டதா? தாய்க்கு எத்தனை முலைக்காம்புகள்? முதல் இரண்டுக்கும் மழுப்பும் விற்பனையாளரிடம் தொடை எவ்வளவு திரண்டிருந்தாலும் வாங்காதீர்கள். ஆண் பன்றியைத் தீனிபோட்டு வைத்திருக்க வசதியில்லாதவர் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் கிடைக்குமா என்று அதே அலுவலகத்தில் கேட்கலாம். விந்துக்குரிய ஆணின் இனமும் சான்றும் அங்கும் கேட்கப்பட வேண்டியவையே.

கடைசியாக, அதே ஆணை அதன் மகள்மாரோடு சேர்க்க வேண்டாம். தகப்பன், மகள் சேர்க்கையில் பிறக்கும் குட்டியில் உள்ளினக் கலப்பு, அதாவது ஒரே மூதாதையின் பிரதி இரட்டித்து வரும் வாய்ப்பு, 25 சதவீதம். மறைந்திருக்கும் பின்னிடைவான குறைகள் இரட்டித்து வெளிவருவதும், குட்டிகள் நலிந்து பிறப்பதும் அதனால்தான். பெண்குட்டி ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் வேட்கைக்கு வந்துவிடுமாதலால், ஓர் ஆண் முதன்முதல் சினைப்படுத்தியதிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குள் இந்தச் சிக்கல் கொட்டிலுக்குள் வந்துவிடும். அப்போது ஆணை விற்க மனமில்லாதவர், பதிவு வைத்திருக்கும் இன்னொரு வளர்ப்பாளரோடு ஆணுக்கு ஆண் மாற்றிக்கொள்ளலாம். நான் சாம்பல்தீவுப் பக்கத்து நண்பர் ஒருவரோடு அப்படி இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். பன்றியோடு சேர்த்து அதற்குரிய கொப்பிப் பக்கங்களின் பிரதியையும் கைமாற்றினோம். வந்த ஆணின் முதல் ஈற்றுக் குட்டிகளை அறுத்து, மூன்று அளவீடுகளையும் எழுதிய பின்னரே பழைய ஆணின் வழியை முற்றாக நிறுத்தினோம்.